கொழும்பில் கத்தோலிக்கப் பங்கு என்று ஒன்று இருந்ததா? கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை நினைவுகள்

2024 பெப்ரவரி 16

ஒரு வாசகர் கேட்டது (பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள்): "மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் பங்கு என்றால் ஊர். கோயில் மணி அடித்தால் ஊரே எழும்பும். கொழும்பில் அப்படி எதுவும் இருந்ததில்லை. பூசைக்கு வருவார்கள், முடிந்ததும் பஸ் ஏறிப் போவார்கள். பக்கத்து வாங்கில் இருப்பவர் யாரென்றே தெரியாது. இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?"

நான் இருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஞானஸ்நானம், புதுநன்மை, கலியாணம் எல்லாம் அங்கேதான். நீங்கள் வெள்ளவத்தைப் பக்கம் கண்டது அப்படி இருக்கலாம். கொட்டாஞ்சேனை இருக்கும் கொழும்பு 13இன் கதை வேறு.

நாங்கள் இருந்தது ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் என்னவென்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும்: ஒடுக்கமான ஒரு வழி, இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடிக்குத் தூத்துக்குடியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த பரதர் வீட்டுப் பெண்கள் வருவார்கள். மன்னாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் அம்மா வருவார். அட்டன் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவரின் மனைவி, ஒரு சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம், கடைசி வீட்டில் தனியாக இருந்த பறங்கியப் பாட்டி எல்லோரும் வருவார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் வரும். கோயில் எது என்று கேட்டால் ஒரே பதில்தான்.

மாலை ஆறு மணிக்கு லூசியா கோயிலில் திரிகால மணி அடித்தால் குழாயடிச் சண்டை நிற்கும். செபம் சொல்லி முடித்துச் சிலுவை போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மன்னாரில் ஊர் முதலில் இருந்தது, கோயிலை ஊர் கட்டியது. எங்களுக்குக் கோயில் முதலில் இருந்தது. வந்து சேர்ந்தவர்களை அதுதான் ஊராக்கியது. இதுதான் நான் சொல்ல வருவது. மிச்சத்தை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

2024 பெப்ரவரி 17

"உங்கள் பங்கு லூசியாவா, அந்தோனியாரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பங்கு லூசியா. மனக்குறை சொல்லப் போவது கொச்சிக்கடை அந்தோனியாரிடம். கொட்டாஞ்சேனையில் அநேகமாக எல்லோருக்கும் இந்த இரண்டு கணக்கும் உண்டு.

2024 பெப்ரவரி 19

இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பற்றிப் பேசுபவர்களில் எத்தனை பேருக்குப் போயா வாரம் நினைவிருக்கும்? 1966இல் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, சந்திரனை வைத்து வரும் பௌத்தப் புனித நாளான போயா நாளையும் அதற்கு முந்திய நாளையும் விடுமுறையாக்கியது. 1971 வரை அப்படித்தான். சந்திரன் எந்தக் கிழமையில் நிற்கிறதோ அதுதான் ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு, கந்தோர் உண்டு, துறைமுகமும் உண்டு.

நான் அப்போது சின்னப் பையன். அம்மா இருட்டோடு எழுப்பிவிடுவார். பூசைக்குப் போவது பள்ளிக்கூட உடுப்போடு, புத்தகப் பையோடு. அப்பா வேலை உடுப்போடு வாங்கின் ஓரத்தில் இருப்பார். நற்கருணை வாங்கியதும் அப்படியே பின்வாசலால் துறைமுகத்துக்கு ஓட வேண்டும். கோயிலுக்குள் எண்ணெய், கிறீஸ், மீன், சவர்க்காரம் எல்லாம் கலந்து மணக்கும். பூசை முடிந்து வாசலில் நின்று கதைக்கும் நேரம் அந்த வருடங்களில் இல்லாமல் போனது. ஆனால் வராமல் விட்டவர்கள் குறைவு. வராதவர் வீட்டுக்கு மாலையில் யாராவது ஒரு அன்ரி போய், காய்ச்சலா என்று கேட்டுவிட்டு வருவார். பக்கத்து வாங்கில் யாரென்று தெரியாத பங்கில் இது நடக்குமா?

அதற்கு முந்தின கதையை அப்பா சொல்வார். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தபோது, கொழும்பிலும் மேற்குக் கரையிலும் பெற்றோர் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்குள் புகுந்து, பாய் விரித்துப் படுத்து, மறித்தார்கள். அடுத்த வருடம் ஜனவரி வரை அது நடந்தது. சமைப்பதும் செபமாலை சொல்வதும் வகுப்பறையில்தான். அப்பாவுக்கு அப்போது கலியாணம்கூட ஆகியிருக்கவில்லை. பிள்ளை இல்லாதவர் எதற்காகப் போனீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். எல்லோரும் போனார்கள், நானும் போனேன் என்பார்.

2024 மார்ச் 2

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்.

வரலாறு அநேகருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாக. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டிருந்தது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் ஒளிந்து திரிந்தார் என்றும், கடல் அரித்துக்கொண்டிருந்த கரையில் மீனவர்கள் கேட்டதற்காகச் சிலுவை நட்டுச் செபித்தார் என்றும், கடல் பின்வாங்கியது என்றும் சொல்வார்கள். அந்த இடத்தில் எழுந்த சிறு மண் கோயில்தான் வளர்ந்தது. பெரிய பீடத்தில் இருக்கும் சுரூபம் 1822இல் கோவாவிலிருந்து வந்தது. இப்போதுள்ள கோயில் 1834இல் அர்ச்சிக்கப்பட்டது. பிறகு பெருப்பித்தார்கள்.

நான் எழுத வந்தது செவ்வாய்க்கிழமையைப் பற்றி. நவநாள், அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் நடக்கும் வேண்டுதல். அன்று அந்தக் கோயிலில் யார் கத்தோலிக்கர், யார் இல்லை என்று பிரிக்க முடியாது. பொட்டு வைத்த அம்மாமார் முழங்காலில் நிற்பார்கள். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் கடை திறக்குமுன் ஒரு கட்டு மெழுகுதிரியோடு வந்து போவார். நாலு எட்டு வைத்தால் பொன்னம்பலவாணேஸ்வரம். அங்கே அருச்சனை முடித்து, விபூதி அழியாத நெற்றியோடு இங்கே வருபவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களை ஒரு மாதிரி பார்த்ததில்லை.

போர்க்காலத்துச் செவ்வாய்களை மறக்க முடியாது. வடக்கிலிருந்து வந்து கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். விசா கேட்பார்கள், பாஸ் கேட்பார்கள், பிடித்துப்போன மகனைக் கேட்பார்கள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோனியார் என்று சின்ன வயதில் நாங்கள் பேனைக்கும் சில்லறைக் காசுக்கும் செபித்தோம். இந்தத் தாய்மார் பிள்ளைகளின் படத்தைச் சுரூபத்தின் கண்ணாடியில் வைத்துத் தேய்ப்பார்கள். அந்தப் பழைய செபத்தை அதற்குப் பிறகு என்னால் சும்மா வாயால் சொல்ல முடியவில்லை.

2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பொலிஸ் ஒரே இரவில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியது. உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அடுத்த செவ்வாய் நவநாளில், வழக்கமாக வரும் முகங்கள் பல இல்லை. அவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் இல்லை என்பது தெரிந்தது.

2024 மார்ச் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் அது பங்கு இல்லையே, யாத்திரைத் தலம்தானே" என்கிறார். சரியான கேள்வி. ஆனால் அந்த யாத்திரிகர்களுக்கு வரிசை ஒழுங்கு செய்தது, தண்ணீர் கொடுத்தது, லொட்ஜ்காரர்களுக்கு வீட்டில் சாப்பாடு கட்டிக் கொடுத்தது யார்? சுற்றியிருந்த பங்கு மக்கள். என் அக்கா ஒரு தாயோடு பொலிஸ் நிலையம் நிலையமாக அலைந்திருக்கிறார். முன்பின் தெரியாதவர். நவநாளில் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

2024 மார்ச் 10

எல்லாம் தேனும் பாலுமாக எழுதிக்கொண்டு போகிறேன் என்று மனதில் உறுத்துகிறது. ஆகவே இதையும் எழுதிவிட வேண்டும்.

பங்கில் எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கவில்லை. முன் வாங்குகள் யாருக்கு என்று எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. பெரிய வீடும் காரும் உள்ள குடும்பங்கள், ஆங்கிலம் பேசுபவர்கள் முன்னே. தோட்டத்துப் பிள்ளைகள் பின்னே, தூணுக்குப் பக்கத்தில். புதுநன்மை நாளன்று எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சட்டைதான். ஆனால் யாருடைய சட்டை தைத்தது, யாருடையது இரவல் என்று எல்லோருக்கும் தெரியும். பாடகர் குழுவுக்குப் பெயர் கொடுக்கப் போன என் தங்கச்சியிடம், உன் உச்சரிப்பு சரியில்லை என்று ஒரு பெரியவர் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். அவளுடைய குரல் நல்ல குரல். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

இத்தனைக்கும் மரணம் என்று வந்தால் வரிசை கலையும். யார் வீட்டில் செத்தாலும் தெருவுக்குக் குறுக்கே வெள்ளைக் கொடி கட்டும் பையன்கள் வந்துவிடுவார்கள். மரண சகாய நிதிக்கு மாதா மாதம் கொடுத்த சில்லறை அன்றைக்குப் பெட்டியாகும், பந்தலாகும், கோப்பியாகும். அப்பாவின் பெட்டியை மாதம்பிட்டி மயானத்துக்குத் தூக்கியவர்களில் முன் வாங்குக்காரர் ஒருவரும் இருந்தார். வெயிலில் வியர்வை வழிய, தோள் மாற்றாமல் வந்தார். அதை நான் பார்த்தேன். தங்கச்சி அழுததையும் நான் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பங்கை நினைக்க வேண்டியிருக்கிறது.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி

இன்று மூன்று மணி வழிபாட்டுக்குப் போய்வந்தேன். தவக்காலத்தில் அப்பம்மா வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார். வாசிப்பது என்று சொல்வார்களே தவிர அது ஒரு வகைப் பாட்டு. இழுத்து, உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றியது. கோவாவிலிருந்து வந்தவர். ஒல்லாந்தர் தடை இருந்த காலத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்துவிட்டு, 1742இல் போலவத்தையில் இறந்தார். அவருக்கு முன்னே வந்த யோசேவாஸ் முனிவருக்கு 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது, முதல் நாள் இரவே போய்க் கடற்காற்றில் காத்துக் கிடந்தோம். கொன்சால்வெஸ் அடிகளாருக்கும் ஒரு நாள் அப்படிக் கூட்டம் கூட வேண்டும் என்பது என் ஆசை.

அப்பம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இந்தப் பிரசங்கத்துக்கு மட்டும் தடங்கல் வராது. மனப்பாடம். தோட்டத்தில் இருந்த சைவக்காரர் வீட்டுப் பெண்களும் வந்து குந்தியிருந்து கேட்டுக் கண் துடைப்பார்கள்.

2024 மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

எல்லோருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

அப்பம்மா ஒவ்வொரு வருடமும் இன்றைய நாளில் சொல்லும் கதை: 1942 ஏப்ரல் 5. அதுவும் உயிர்ப்பு ஞாயிறு. காலையில் பூசைக்குப் போய் வந்து இடியப்பத்துக்கு மா பிசைந்துகொண்டிருந்தாராம். துறைமுகத்துக்கு மேல் ஜப்பானிய விமானங்கள். முதலில் திருவிழா வெடி என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு தரை ஆடியது. துறைமுகத்தில் கப்பல்கள் எரிந்தன. அடுத்த நாட்களில் கொழும்பைவிட்டுச் சனம் வண்டி கட்டி ஓடியது. அப்பம்மா ஓடவில்லை. எங்கே ஓடுவது, எங்களுக்கு வேறு ஊர் ஏது என்பார்.

வாசகர் ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு அப்பம்மா 1942லேயே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2024 ஏப்ரல் 1

1883ஐ விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடக் கூடாதுதான். 1883 மார்ச் 25, அதுவும் உயிர்ப்பு ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினார்கள். கொட்டாஞ்சேனைக் கலவரம் என்று வரலாற்றில் இருக்கிறது. அடி வாங்கியவர்களாக மட்டும் எங்களை நினைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அன்றைக்கு அடித்தது எங்கள் ஆட்கள். இதைப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது. மறைக்கல்வி வகுப்பில் நான் படித்த காலத்தில் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை.

2024 ஏப்ரல் 21

2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்து ஐந்து வருடம்.

அன்றைக்கு நான் லூசியா கோயிலில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்திருந்தேன். சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் டிரான்ஸ்போமர் வெடித்தது என்றார். பிறகு முச்சக்கர வண்டிகள் எதிர்த்திசையில் வரத் தொடங்கின.

கொச்சிக்கடைக்குள் கண்டதை எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைகள் நின்றன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தொலைக்காட்சியில் பூசை வைத்தார். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் முழங்காலில் நின்றோம். எங்கள் ஒழுங்கையில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, பெட்டி அடக்கத்துக்குப் போக வந்து, உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டார். நாற்பது வருடப் பழக்கம் உள்ள மனிதர், அப்படிக் கேட்க வேண்டி வந்தது. அம்மா எழும்பிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன் கதிரையில் இருத்தினார். அம்மாவுக்கு அப்போது நடக்கவே கஷ்டம்.

ஜூன் 12ஆம் திகதி கோயிலை மறுபடி அர்ச்சித்துத் திறந்தார்கள், அடுத்த நாள் திருவிழா. அன்று காலடி வைத்தபோது என் பக்கத்தில் நின்ற பெண் பொட்டு வைத்திருந்தார், விபூதி பூசியிருந்தார். செவ்வாய்க்காரர்களும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

நீதி பற்றி: 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காசு ஒரு பக்கம். யார், ஏன், யாருக்குத் தெரிந்திருந்தது என்ற கேள்விகளுக்கு முழுப் பதில் இன்னும் இல்லை. அது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

2024 மே 5

கனடாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், 1983க்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டமாம். வீட்டு அடையாளம் சொன்னார், புரிந்துவிட்டது. உங்கள் அண்ணாவும் நானும் பீடத்தில் உதவியவர்கள். மணி அடிக்க வேண்டிய இடத்தில் அவர் தூங்கிவிடுவார், நான் இடிப்பேன்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் தோட்டத்தைக் காப்பாற்றியது அந்தச் சிங்களக் குடும்பம்தான். வாசலில் கதிரை போட்டு ஐயா இருந்தார், உள்ளே எல்லோரும் எங்கள் ஆட்கள் என்று சொன்னார். அது பொய்யும் இல்லை. அடுத்த ஒழுங்கைக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அங்கே எரிந்தது. பிறகு முகாம், அப்புறம் கப்பலில் காங்கேசன்துறை. அங்கே யாரையும் தெரியாதவர்களும் அந்தக் கப்பலில் ஏறினார்கள். தமிழ்ப் பூசையில் வாங்குகள் வெறுமையாகின. பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியபடி இருந்தன.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பங்கில் பல குடும்பங்கள் பிள்ளைகளைச் சிங்களப் பூசைக்கும் ஆங்கிலப் பூசைக்கும் மாற்றின. பயத்தில் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நீர்கொழும்புக் கரையில் வீட்டுக்குள் தமிழ் பேசும் மீனவர்கள் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் சிங்களத்துக்குப் போய் நெடுங்காலம் ஆகிறது. எங்களுக்கும் அதுதான் நடக்கும் என்று நான் நினைத்தேன்.

2024 ஜூன் 14

நேற்றுத் திருவிழா. கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

சுரூபம் வெளியே வந்ததும் மழைத்தூறல். யாரும் அசையவில்லை. சைவக் கடைகளுக்கு முன்னால் நிறைகுடம், குத்துவிளக்கு. முஸ்லிம் கடைக்காரர்கள் பெரிய அண்டாவில் சர்பத் கரைத்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் ஒரு துண்டுப் பாணை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள், அந்தோனியார் பாண். கேட்டால் கடிக்க மாட்டாளாம், தலவாக்கலையில் இருக்கும் அம்மாச்சிக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

2024 ஜூன் 16

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "சரி, அன்றைக்கு இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு?" என்கிறார்.

இன்றைக்குத் தோட்டங்கள் பாதி போய்விட்டன, மாடி வீடுகள் வந்துவிட்டன. குழாயடி இல்லை. இன்று காலைத் தமிழ்ப் பூசையில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்த பழைய முகங்கள் கொஞ்சம்தான். மிச்சம், செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருந்து படிக்கவோ வேலைக்கோ வந்து வாடகை அறையில் இருப்பவர்கள். ஞாயிறு மட்டும்தான் அவர்களுக்கு ஓய்வு. பூசை முடிந்து அவர்கள் பஸ் ஏறிப் போவதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் போலும். எங்கள் வீட்டாரும் அப்படித்தான் ஒரு காலத்தில் வந்து இறங்கினார்கள்.

பாடகர் குழுவில் இப்போது பாதிப் பேர் அந்தப் பிள்ளைகள். பயிற்சி கொடுப்பது என் தங்கச்சி. உச்சரிப்பு எப்படி இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறாள். சனிக்கிழமை கடை மூட இரவு எட்டாகிவிடுகிறது என்பதால் பயிற்சியை எட்டரைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆண் குரல் குறைவாம். நீங்கள் வெள்ளவத்தையில்தானே இருக்கிறீர்கள்? காலி வீதியில் கோட்டைக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து முகத்துவாரம் போகும் பஸ்ஸில் ஏறினால் கோயிலடியில் இறங்கலாம். வாருங்கள்.